குழியில் விட்டு வந்த மட்டை

என் சமையலறை அலமாரியில் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே வெள்ளைத் துணி, துணிக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உப்புக்கட்டி. அதன் முதுகில் மண்பானைச் சில்லு ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அந்தக் கட்டி வியர்க்கும். துணியை மாற்றி, அடுப்படிச் சூட்டில் கொஞ்ச நேரம் காயவைத்து, மறுபடி மூடி வைப்பேன். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் போஹோல் தீவில், அல்புர்கெர்கே என்ற கடலோர ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ‘ஆசின் திபுவோக்’கில் மிச்சம் இவ்வளவுதான். ஆசின் என்றால் உப்பு. திபுவோக் என்றால் உடையாத, முழுசான என்று பொருள்.

தூத்துக்குடி முள்ளக்காட்டில், அளத்து வெயிலில் வளர்ந்தவள் நான். அப்பா குத்தகைக்கு எடுத்து நடத்திய சின்ன அளம் எங்களுடையது. பாத்தியில் தண்ணீர் கட்டி நின்றால் வெயிலும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் முற்றியதா என்று அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். வாருபலகை இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை காய்த்துக் கிடக்கும். உப்பு செய்ய அடுப்பு மூட்டுவார்கள் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

வங்கிக் கடனில் பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனேன். 2013 அக்டோபர் 15, விடுமுறை நாள். காலை எட்டே கால் வாக்கில் விடுதிக் கட்டில் தானாக நகர்ந்தது. 7.2 அளவிலான நிலநடுக்கம். செபுவும் குலுங்கியது என்றாலும் நடுக்கத்தின் மையம் கடலுக்கு அந்தப் பக்கம் போஹோலில் இருந்தது. லூன் ஊரின் பழைய தேவாலயம் தரைமட்டமானது. அதன் பிறகு அங்கே நடந்த மருத்துவ முகாம்களுக்கு மாணவர்களான எங்களையும் உதவிக்கு அழைத்துப் போனார்கள். செபுவிலிருந்து போஹோலின் தக்பிலாரானுக்கு விரைவுப் படகில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கிழக்கே கடலை ஒட்டியே பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்துக்குள் அல்புர்கெர்கே. ஊர்க்காரர்கள் அல்பூர் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அந்த ஊரில் பவளக்கல்லில் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு. முகாம் முடிந்து அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தபோது ஒரு வாசனை வந்தது. ஒரு பாதி எனக்குத் தெரிந்த வாசனை: கயிறு திரிப்பதற்காக உப்பங்கழியில் மட்டை ஊறப்போட்டிருக்கும் குமரிக் கடற்கரைகளின் வாசனை. மறு பாதி புகை. ஓலைக் கொட்டகை ஒன்றின் ஓரத்தில், அலை ஏறி இறங்கும் சதுப்பில் குழிகள் வெட்டி, கம்பு நட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே கறுத்த தண்ணீரில் தேங்காய் மட்டைகள் அமிழ்ந்து கிடந்தன. “இது கயிற்றுக்கா?” என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் சொன்னார், “இல்லை இந்தாய், இது உப்பு.”

‘இந்தாய்’ என்பது விசாயா தீவுகளில் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். வயதில் மூத்த ஆணை அவர்கள் ‘தாய்’ என்பார்கள். தகப்பனைக் குறிக்கும் ‘தாத்தாய்’ என்பதன் சுருக்கம் அது. தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நரைத்த தலையும் சாம்பல் படிந்த கையுமாக நின்ற அந்த மனிதரை முதல் முறை ‘தாய்’ என்று கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எங்கள் ஊரைப் போல மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் காயும் இடம் அல்ல அது. மழை எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும். பாத்தியை மட்டும் நம்பி உப்பு எடுக்க முடியாது. அதனால் அவர்கள் கடலைத் தேங்காய் மட்டைக்குள் ஏற்றினார்கள். குழியில் இறக்கிய மட்டை மாதக்கணக்கில், சில சமயம் அரை வருஷம்கூட, கடல்தண்ணீரில் ஊறும். ஓதம் ஏறும்போதெல்லாம் புதுத் தண்ணீர் வரும், வற்றும்போது போகும். நாரெல்லாம் உப்பு குடித்த பிறகு மட்டையை எடுத்துத் துண்டு போட்டு, வெயிலில் காயவைத்து, குவித்துத் தீ வைப்பார்கள். கொழுந்து விட்டு எரிய விடக்கூடாது. கனிந்து கனிந்து நாள்கணக்கில் எரிய வேண்டும். மேலே கடல்தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கிடைக்கும் சாம்பலுக்கு ‘காசாங்’ என்று பெயர்.

அந்தச் சாம்பலைப் பெரிய கூம்புக் கூடைகளில் திணித்து, மேலிருந்து கடல்தண்ணீரை ஊற்றுவார்கள். சாம்பலில் இருக்கும் உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு கீழே சொட்டும் தண்ணீர் ‘தாசிக்’. அதைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மழை விட்ட பிறகு ஓலை நுனியிலிருந்து தண்ணீர் விழுமே, அந்தக் கணக்கில் விழும். தாய் ஒரு சிரட்டையை ஏந்தி, விரலில் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பார். கண்ணை லேசாக மூடுவார், பிறகு தலையசைப்பார். அப்பா செய்வது அப்படியே. இரண்டு கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒருவர் என் அப்பாவின் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு சனி ஞாயிறு கிடைத்தால் படகேறிவிடுவேன்.

சூளை மூட்டும் நாளைச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு போல நீளமான அடுப்பு. அதன் மேல் மண்பானைகள் வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று தோளால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சின்னப் பானைகள்தான், அடி முட்டை போல உருண்டிருக்கும். கீழே விறகு, மேலே தாசிக். கொதித்து வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுகிற கை ஓயக்கூடாது. இந்தப் பானையில் ஊற்றி அடுத்ததற்குப் போவதற்குள் முதல் பானை பாதியாகியிருக்கும். நீண்ட காம்பில் சிரட்டை கட்டிய அகப்பையோடு தாயும் அவர் மனைவியும் எதிரெதிராக நடந்துகொண்டே இருப்பார்கள். பேச்சே இருக்காது. கொதிக்கிற சத்தம்தான் பேச்சு. தண்ணீராகக் கொதிக்கும்போது ஒரு சத்தம், கஞ்சியாகத் தளும்பும்போது ஒரு சத்தம். உப்பு பானையின் விளிம்பு வரை ஏறி இறுகும்போது சத்தம் அடங்கிப்போகும். பானையைக் கண்ணால் பார்த்து ஊற்றினால் போதாது, காது வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

நான் அகப்பை கேட்டேன். முதல் நாள் தரவில்லை. மூன்றாவது முறை போனபோது ஓரத்து ஒற்றைப் பானையை என் பொறுப்பில் விட்டார். கால் மணி நேரத்தில் புருவம் கருகியது போல இருந்தது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எங்கேயோ பராக்குப் பார்த்துவிட்டேன், பானை ஓரத்தில் வறண்டு ‘டப்’ என்று தெறித்தது. தாய் ஓடி வந்து ஒரு கை தாசிக் விட்டு அதைக் காப்பாற்றினார். திட்டவில்லை. “அது உன்னைக் கூப்பிட்டது, உனக்குக் கேட்கவில்லை” என்றார்.

சூளை ஆறிய பிறகு பானைகளை எடுப்பார்கள். அடிப்பக்கம் நெருப்பில் வெந்து வெடித்திருக்கும். தட்டினால் அடி ஓடு உதிரும். உள்ளேயிருந்து வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில் உருண்டு திரண்ட உப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேல் பாதிக்கு மட்டும் பானை ஒரு தொப்பி போல இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு டைனோசர் முட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கருப்பட்டி. உடன்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சிக் கூப்பனியாக்கிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பார்களே, அதே வேலை, அதே பொறுமை, வார்த்த பாத்திரத்தின் வடிவத்திலேயே வந்து நிற்கும் அதே பொருள். ஒன்று இனிக்கும், ஒன்று கரிக்கும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சுடுசோறு, அதில் ஒரு சொட்டு எண்ணெய். தாயின் மனைவி உப்பு முட்டையை எடுத்து, கத்தி முனையால் சுரண்டி, சோற்றின் மேல் தூவினார். வேறு எதுவும் இல்லை. கையில் காசில்லாத காலத்தில் பிள்ளைகளை இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன் என்றார். முதலில் புகை வந்தது. பிறகு உப்பு வந்தது, ஆனால் நாக்கைக் குத்தாமல் மெல்ல வந்து தங்கியது. கடைசியில் எங்கேயோ தேங்காயின் நினைப்பு. எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் காய்ச்சல் விட்டுப் பசிக்கும் நாளில் என் நாக்கு தேடுவது அந்தச் சோற்றைத்தான்.

தாயின் அப்பா காலத்தில் இந்தப் பானைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றி வருவார்களாம். நம் சங்கப் பாட்டுகளில் உப்பு வணிகரான உமணர் வண்டியோட்டிச் செய்ததும் இதுதான். உப்புக்கு நெல் ஈடாக இருந்த காலம் ஒன்று எல்லாக் கடற்கரைக்கும் இருந்திருக்கிறது. நான் போன காலத்தில் அல்பூரில் இந்த உப்பு செய்கிற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் எல்லோரும் ஒரு சட்டத்தைச் சொல்வார்கள். 1995 டிசம்பரில் வந்த, 8172 எண்ணுள்ள குடியரசுச் சட்டம். நாடு முழுக்கச் சாப்பாட்டு உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஆசின்’ என்று வரும். உப்பின் பெயரையே சூட்டிக்கொண்டு வந்த சட்டம், கையால் உப்பு செய்தவர்களின் அடுப்பில் தண்ணீரை ஊற்றியது. பானையோடு இறுகிய கட்டியில் அயோடினை எங்கே தெளிப்பது?

மருத்துவராக இதை நான் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். கழுத்து வீங்கி வந்த தாய்மார்களைப் பார்த்தவள் நான். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கு அயோடின் எவ்வளவு தேவை என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறவள். நம் நாட்டிலும் 2006 முதல் அயோடின் இல்லாத உப்பை நேரடிச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்றுதான் விதி. அந்த விதி சரி. ஆனால் ஒரு நாட்டின் மொத்த உப்பையும் செய்கிற ஆலைக்கும், வருஷத்துக்குச் சில நூறு பானை செய்கிற கிழவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தது சரியில்லை. ஊர் கழுத்து வீங்கியது இந்தக் குடும்பங்களால் அல்ல. அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கலாம். அதோடு வெளிநாட்டு உப்பும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ஏழாயிரத்துக்கு மேல் தீவுகள், சுற்றிலும் கடல், சாப்பிடுகிற உப்பில் பெரும்பகுதி இறக்குமதி. 2024இல் உப்புத் தொழிலைத் தூக்கி நிறுத்த 11985 எண்ணில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

ஆனால் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தாயின் மகன் தக்பிலாரானில் டிரைசிக்கிள் ஓட்டினார். மகள் சவூதியில் நர்ஸ். இருவரும் நல்ல பிள்ளைகள், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர்கள். இன்று ஊறப்போட்டதை ஆறு மாதம் கழித்து எரித்து, அதன் பிறகு வடித்து, அதன் பிறகு காய்ச்சி, விற்றுக் காசாக்க அவர்களால் காத்திருக்க முடியவில்லை. இந்த உப்புக்கு ஊரில் இருக்கிற ஆள் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அப்பாவின் அளத்தை விட்டுக் கடல் தாண்டிப் போனவள்தானே நானும்.

2017 செப்டம்பரில் படிப்பு முடிந்து கடைசியாக அல்பூர் போனேன். குழிகள் காலியாகிப் புதிதாக மட்டை இறக்கும் நேரம். தென்னந்தோப்புகளில் எண்ணெய்க்குக் கொப்பரை எடுத்த பிறகு ஒதுக்கிய மட்டைகளை வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். மட்டை மிதக்கும், அதை அமுக்கி, கம்புக்கு அடியில் செருகி, மேலே பாரம் வைக்க வேண்டும். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை இறக்கினோம். விரலிடுக்கெல்லாம் நார் கிழித்து எரிந்தது. கரையேறியபோது தாய் சொன்னார், “வர்ற கோடையில் இது உப்பாகும். உன் பங்கை எடுத்து வைக்கிறேன். வந்து வாங்கிக்கொள், இந்தாய்.”

வருகிறேன் என்றேன். அக்டோபரில் ஊருக்கு விமானம் ஏறினேன். முந்தின கோடையில் அவர் கொடுத்த பானை ஒன்றைத் துணிக்குள் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வீட்டில் பிரித்தபோது பானை இரண்டாக உடைந்திருந்தது, உப்பு அப்படியே முழுசாக இருந்தது.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு சிராய் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை லேசாக மூடுவார் என்று எனக்குத் தெரியும்.

“கருப்பட்டி கணக்கா இருக்கே. புகை வாசமாவுல்ல இருக்கு. எத்தனை நாளு வேலை?”

“ஊறுறது காயுறது எல்லாம் சேத்து ஆறு மாசத்துக்கு மேலப்பா.”

“ஆறு மாசமா!” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், “அந்தாளு கை எப்படி இருக்கும்மா? காய்ச்சுப் போயிருக்குமே?”

விலையையோ லாபத்தையோ அவர் முதலில் கேட்கவில்லை. கையைக் கேட்டார். அப்பா இப்போது இல்லை. அளமும் கைமாறிவிட்டது. 

அரசு வேலைக்கான தேர்வு, பணி, கல்யாணம், குழந்தை, கோவிட் என்று வருஷங்கள் போயின. ‘வர்ற கோடை’ வந்து வந்து போனது. 2021 டிசம்பரில் ராய் புயல் (அவர்கள் ஒடெட் என்பார்கள்) போஹோலைப் புரட்டிப் போட்டது. தென்னைகள் தலை முறிந்து நிற்கும் படங்களைக் கைப்பேசியில் பார்த்தேன். மட்டைக்கு இனி எங்கே போவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. செபுவில் இருக்கும் என் தோழி வாரக்கணக்கில் விசாரித்து ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: தாய் இருக்கிறார், கொட்டகைதான் போய்விட்டது, மறுபடி கட்டுகிறார்களாம்.

2025 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுக் கூட்டம் டெல்லி செங்கோட்டையில் நடந்தது. தீபாவளியைப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று நம் பத்திரிகைகளெல்லாம் மகிழ்ச்சியோடு எழுதின. அதே கூட்டம்தான் ஆசின் திபுவோக்கையும் உடனே காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. என் நாட்டுத் தலைநகரில் அவர்கள் உப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். செய்தியைப் படித்த இரவு டப்பாவைத் திறந்தேன். கட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி, சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மகளுக்கு ஒரு வாய் ஊட்டினேன். புகை வாசனை வருதும்மா என்றாள்.

நான் இறக்கிய மட்டை 2018 கோடையில் எரிந்து, வடிந்து, காய்ந்து யார் வீட்டுச் சோற்றுக்கோ போயிருக்கும். என் பங்கு என்று எடுத்து வைத்த பானை அந்தக் கொட்டகை மூலையில் எத்தனை நாள் காத்திருந்ததோ. தண்ணீரில் இறங்கி நின்ற அந்த மாலையின் நார் எரிச்சல் இப்போதும் சில நாள் விரலிடுக்கில் வந்து போகிறது.

செபுவிலும் தவாவோவிலும் மருத்துவம் படிக்க இப்போதும் நம் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். போஹோலுக்குச் சுற்றுலா போனால் சாக்லேட் குன்றுகளையும் தார்சியர் என்ற குட்டி விலங்குகளையும் பார்த்துவிட்டு, பங்லாவோ கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. மழை குறைந்த கோடை மாதங்களில் போங்கள். தக்பிலாரானிலிருந்து கிழக்கே பஸ் ஏறி அல்பூரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடங்கள். புகை வாசனை வந்தால் உள்ளே போங்கள். பெரியவர் யாராவது இருந்தால் ‘தாய்’ என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பார்கள். பேரம் பேசாமல் ஒரு பானை வாங்குங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் அகப்பை பிடியுங்கள். அடுத்த கோடைக்கு வருகிறேன் என்று மட்டும், வர முடியும் என்றால் சொல்லுங்கள்.